குப்பை எரிப்புக்குத் தண்டனை: சிறிதாக இருக்கட்டும், தவறாமல் வரட்டும்



இரவு ஒன்பது மணிக்கு நம் கடைத்தெருக்களில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கிறது. கல்லாவை எண்ணி முடித்தாகிவிட்டது. பையன் கடைவாசலைப் பெருக்குகிறான். அட்டைப்பெட்டி, பாலித்தீன் உறை, சணல் துண்டு, டீக் கப், பிஸ்கட் அட்டை எல்லாம் சாக்கடை ஓரம் குவிகிறது. ஒரு தீக்குச்சி, பத்து நிமிடத்தில் குப்பை தீர்ந்தது. நாளை காலை சாம்பல் மட்டும் கிடக்கும்.

இதை நாம் தவறென்று நினைத்துச் செய்வதில்லை. நம் தகப்பனார் காலத்திலும் இப்படித்தான் நடந்தது. ஆனால் அன்றைய குவியலில் இருந்தது வாழையிலைச் சருகு, கருப்பட்டி வந்த ஓலைக் கொட்டான், பொட்டலம் மடித்த காகிதம், கிழிந்த கோணி. இன்றைய குவியலில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும். கை பழகிய வேலை அதேதான். எரிகிற பொருள் மாறிவிட்டது. சட்டமும் மாறிவிட்டது. அந்தச் சட்டத்தில் சொல்லியுள்ள தண்டனை நியாயமானதா, நடைமுறைக்கு ஏற்றதா, அதை எப்படிச் சீர்செய்யக் கேட்பது என்பதைப் பற்றியே இக்கட்டுரை. அபராதத்தை எதிர்த்துக் கொடி பிடிப்பதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் குற்றம்

ஊருக்கு உபதேசம் சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுவது முறை. இருபது ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதத்து மாலை. சரக்கு இறக்கிய பின் மிஞ்சிய அட்டைப்பெட்டிகளைக் கடைக்குப் பின்புறம் குவித்துத் தீ வைத்தேன். நம் கடற்கரையில் கச்சான் காற்று அந்த மாதங்களில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிந்த அட்டைத் துண்டு ஒன்று எழும்பிப் போய்ப் பக்கத்து டீக்கடையின் ஓலைக் கூரையில் விழுந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் கூரை தப்பவில்லை. உயிர்ச்சேதம் இல்லை; அது ஆண்டவன் புண்ணியம்.

புகார் இல்லை, வழக்கு இல்லை, அபராதம் இல்லை. கூரை வேயும் செலவை நான் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்ட அந்த டீக்கடைக்காரர், “கூரை போனா கட்டிக்கலாம் அண்ணாச்சி. உள்ளே என் புள்ள தூங்கிக்கிட்டு இருந்தான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு நான் ஒரு காகிதத்துக்குக்கூடத் தீ வைத்ததில்லை.

அதற்கு முன்னும் ஆண்டுக்கணக்கில் நான் எரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் சட்டம் இருந்தது. சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது என் கடைவாசல் வரை வந்ததில்லை. ஏட்டில் இருக்கும் தண்டனை ஒன்று, வாசலுக்கு வரும் தண்டனை வேறு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் இன்றைய பிரச்சினை.

ஒரு தீக்கு எத்தனை சட்டம்?

காற்றைக் கெடுத்துப் பிறர் உடல்நலத்துக்குக் கேடு செய்பவருக்கு 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 278-ஆவது பிரிவு 500 ரூபாய் வரை அபராதம் என்றது. அந்தக் காலத்து 500 ரூபாய் ஒரு குடும்பத்தின் சொத்து. அந்தத் தொகை ஒரு பைசா ஏறாமல் 160 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-ஆவது பிரிவில் அது 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. தீயைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், 287-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது முதல் கணக்கு.

இரண்டாவது கணக்கு, குப்பைக்கென்றே வந்த விதிகள். 2016 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், தன் குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ எவரும் போடவோ, எரிக்கவோ, புதைக்கவோ கூடாது என்று கூறின. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை அடியோடு தடை செய்தது. சாதாரண எரிப்புக்கு ஒவ்வொரு தடவையும் 5,000 ரூபாய், பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாய் இழப்பீடு என்று தொகையும் குறித்தது. சில்லறை, மொத்தம் என்ற பிரிவு நமக்குப் புதிதல்ல. ஆனால் எத்தனை கிலோ வரை சில்லறை, எங்கிருந்து மொத்தம் என்று கடைக்காரருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

மூன்றாவது கணக்கு, 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று முன்பு இருந்தது. 2023-ல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் அதைத் திருத்தியது. 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சிறைத் தண்டனை நீங்கி, 10,000 ரூபாய்க்குக் குறையாமல் 15 லட்சம் ரூபாய் வரை பணத் தண்டனை என்றாகிவிட்டது. குப்பை விதிகள் இந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தவை என்பதால், குப்பை எரிப்பவர் மீது இதுவும் பாயலாம். வழக்கைத் தீர்மானிக்கும் அதிகாரி மத்திய அரசில் இணைச் செயலாளர், அல்லது மாநில அரசில் செயலாளர் நிலைக்குக் குறையாதவர். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டிய இடம் பசுமைத் தீர்ப்பாயம்.

சிறை வேண்டாம் என்று முடிவு செய்ததை நாம் வரவேற்கிறோம். வியாபாரியைச் சிறிய தவறுக்குச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது வணிகர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. ஆனால் விளைவைப் பாருங்கள். கடைவாசலில் எரிந்த அதே ஒரு கூடைக் குப்பைக்கு ஒரு சட்டப்படி 1,000 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. ஓர் உத்தரவின்படி 5,000. இன்னொரு சட்டப்படி 10,000 ரூபாய்க்குக் குறைக்க முடியாது. எந்தத் தராசில் நிறுப்பது என்பதை, எதிரே வந்து நிற்கும் அதிகாரியே தீர்மானிக்கிறார். ஒரே சரக்குக்கு மூன்று விலை எழுதி வைத்த கடையில் பேரம் நடக்காமல் இருக்குமா?

பெரிய தொகை ஏன் வேலை செய்வதில்லை?

பெட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் 5,000 ரூபாய் கேட்டால் என்ன நடக்கும்? அவருடைய பல நாள் லாபம் அது. அவர் கட்டமாட்டார், கட்ட முடியாது. இரக்கமுள்ள அதிகாரியாக இருந்தால் திட்டிவிட்டுப் போவார். இரக்கமில்லாதவராக இருந்தால் ரசீது இல்லாத ஒரு தொகையில் விஷயம் முடியும். இரண்டிலுமே சட்டம் தோற்றது. மறுநாள் இரவு மறுபடியும் தீ எரியும்.

நமக்குத் தெரிந்த கடைத்தெரு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கடைவாசலில் சாம்பல் கிடந்தது என்பதற்காக ஒரு வளையல் கடைப் பெண்மணியிடம் அபராதம் கேட்டார்கள். தீ வைத்தவர் அவரல்ல. வெளியூர் வேன் ஒன்றில் வந்தவர்கள் சாப்பிட்ட தட்டுகளை அங்கே போட்டுப் போக, விடியற்காலையில் யாரோ குளிருக்குக் கொளுத்தியிருக்கிறார்கள். அந்த வாரம் முழுவதும் ஊருக்கு வெளியே குப்பைக்கிடங்கு புகைந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் ரசீது எழுதவில்லை. அந்த அம்மாள் கேட்ட கேள்வி இதுதான்: “என் வாசல்ல ஒரு பிடி சாம்பலுக்குக் காசு கேக்குறீங்களே, அங்க எரியுற மலைக்கு யாரு கட்டுறது?” வந்தவர்களிடம் பதில் இல்லை.

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு எரிந்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கு எரிந்தது. 2023 மார்ச் 2-ஆம் தேதி கொச்சி பிரம்மபுரத்தில் பிடித்த தீ அணைய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. நகரமே புகையில் மூழ்கியது. பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. மாநகராட்சி அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வசதி மாநகராட்சிக்கு உண்டு. வளையல் கடைக்கு இல்லை. தவிர, அப்படியே கட்ட நேர்ந்தாலும் மாநகராட்சி கட்டுவது யார் பணம்? நாம் கட்டும் வரிதானே? பொறுப்பான அதிகாரியின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது.

2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பாய உத்தரவு கிடங்குகளையும் சேர்த்தே தடை செய்தது என்பதை நம் உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும். சட்டம் இரு தரப்புக்கும் பொது. நடைமுறை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ஆனாலும் எரிக்கக் கூடாது

இவ்வளவும் சொன்ன பிறகு, “அப்படியானால் அபராதமே வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள்” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன். காரணங்களை வியாபாரக் கணக்காகவே சொல்கிறேன்.

நம் கரையின் சரக்கு என்ன? மணலில் காயும் கருவாடு. மாசி முதல் சித்திரை வரை களத்தில் காயும் மிளகாய் வத்தல். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைக் கேட்டு வெளியூர் வியாபாரி விலை வைக்கிறார். வத்தலும் கருவாடும் காற்றில் உள்ளதை இழுத்துக்கொள்ளும் பொருள்கள். பிளாஸ்டிக் புகை வீசும் காற்றில் காய்ந்த சரக்கை முகர்ந்து பார்த்து ஒதுக்கும் மூக்கு மண்டிக்காரருக்கு உண்டு.

இரண்டாவது, இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வருபவர்களை நம்பிச் சங்கு, சிப்பி, பாசி, பூஜைச் சாமான், உணவு, தங்கும் விடுதி என்று எத்தனை குடும்பங்கள்! அக்கினி தீர்த்தத்தில் நீராடி எழுந்தவர் கண்ணில் டயர்ப் புகை பட்டால், அடுத்த முறை அவர் ஒரு நாள் தங்க நினைத்த இடத்தில் ஒரு வேளை தங்குவார்.

மூன்றாவது, கடல். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. நாம் எரித்த சாம்பலைக் காற்றும் ஐப்பசி மழையும் கொண்டு சேர்க்கும் இடம் அதுதான். அந்தக் கடலில் மீன் இருந்தால்தான் கரையில் கடைக்கு வாடிக்கை.

நான்காவது, நம் சொந்த மூச்சு. பி.வி.சி. கலந்த பொருள்களைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. இத்தகைய நஞ்சுகளைக் கட்டுப்படுத்த 2001-ல் ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, திறந்தவெளிக் குப்பை எரிப்பை அதன் பிறப்பிடங்களில் ஒன்றாகவே பட்டியலிட்டுள்ளது. 2006-ல் இந்தியாவும் அதை ஏற்றது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அதிகாரி அல்ல. தீயருகே நிற்கும் நம் கடைப் பையனும், மாடியில் படுத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவரும்தான்.

எனவே தண்டனை வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட தண்டனை?

பிற இடங்களின் பாடம்

தொகையை மேலும் ஏற்றினால் போதும் என்பவர்களும் உண்டு. தில்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் வைக்கோல் எரிக்கும் விவசாயிகளுக்கு விதிக்கும் தொகையை மத்திய அரசு 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கியது. இரண்டு ஏக்கருக்குக் கீழ் 5,000, இரண்டு முதல் ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000 ரூபாய். இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நிலத்தின் அளவுக்கேற்பப் படி வைத்தார்கள். இரண்டு, வெறும் அபராதத்தால் ஆகாது என்று தெரிந்துதான் 2018 முதல் வைக்கோலை மடக்கி உழும் இயந்திரங்களுக்கு மானியம் கொடுத்து வந்தார்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எரிக்காத சிறு விவசாயிகளுக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் ஊக்கத்தொகை தரச் சொன்னது. உழவருக்கு உரிய இந்த நியாயம் கடைக்காரருக்கும் உரியதுதானே? எரிக்காதே என்பவர், எரிக்காமல் என்ன செய்வது என்பதையும் காட்ட வேண்டும்.

நம் கரையிலிருந்து பலர் பிழைக்கப் போன சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே குப்பை போடுபவருக்கு அபராதம் மட்டுமல்ல. பொது இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் ஆணையும் 1992-ல் சட்டமானது. பணம் கட்டிவிட்டுப் போவதைவிடப் பத்துப் பேர் பார்க்கத் துடைப்பம் எடுப்பது மனிதனுக்கு உறைக்கிறது. நம் நாட்டிலும் புதிய நியாய சன்ஹிதா சமூக சேவையை ஒரு தண்டனையாக ஏற்றுள்ளது. ஆனால் அது அவதூறு, சிறு திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா போன்ற சில குற்றங்களுக்கு மட்டுமே. காற்றைக் கெடுக்கும் 280-ஆவது பிரிவுக்கு அது பொருந்தாது. பொருந்தச் செய்தால் என்ன?

நாம் கேட்க வேண்டிய திருத்தங்கள்

நமது சங்கம் மாவட்ட ஆட்சியர் மூலமாக அரசுக்கு அனுப்பத்தக்கவை என்று நான் கருதுபவற்றைக் கீழே தருகிறேன். உறுப்பினர்கள் படித்து, ஒப்பாததை எழுதித் தெரிவிக்கலாம்.

1. ஒரே அட்டவணை வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ், எதற்கு, எவ்வளவு என்று தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலக வாசலிலும் ஒட்ட வேண்டும். எடைக் கற்களுக்கு முத்திரை கேட்கிற அரசு, தன் அபராதத்துக்கும் முத்திரை வைக்கட்டும்.

2. படிகள் வேண்டும். முதல் தடவை எழுத்து மூலம் எச்சரிக்கை. இரண்டாம் தடவை 500 ரூபாய். மூன்றாம் தடவை 2,000. அதற்கு மேல் 5,000. பெரிய கிடங்கு, மண்டி, விடுதி ஆகியவற்றுக்கு இதைவிட அதிகமாக இருப்பதில் மொத்த வியாபாரிகளுக்கு வருத்தம் வேண்டாம். வரவு பெரிதானால் பொறுப்பும் பெரிது. தீர்ப்பாய உத்தரவில் உள்ள தொகையை மாற்ற மாநில அரசு தீர்ப்பாயத்தை அணுக வேண்டியிருக்கும். அதற்கான மனுவை அரசே தாக்கல் செய்யுமாறு கேட்போம்.

3. பொருளுக்கேற்ற வேறுபாடு வேண்டும். வேப்பஞ்சருகுக்கும் டயருக்கும் ஒரே தண்டனை என்பது நீதியல்ல. டயர், மின்கம்பி, தெர்மாகோல், நைலான் வலை, பிளாஸ்டிக், மருந்துக் கழிவு ஆகியவற்றுக்கு எச்சரிக்கையே வேண்டாம். முதல் தடவையே 5,000. தாமிரத்துக்காக வயரை எரிப்பவரும், மீன்பிடித் தடைக் காலத்தில் கழித்துப் போட்ட வலையைக் கரையில் கொளுத்துபவரும், காலாவதிச் சரக்கை உறையோடு எரிக்கும் நம் உறுப்பினரும் இதில் ஒன்றே. அதேபோல், சீமைக்கருவேலை மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ஏழைகளின் தொழிலைக் குப்பை எரிப்போடு போட்டுக் குழப்பக் கூடாது. அதற்குத் தனி விதிமுறை வகுக்கலாம்.

4. தீ வைத்தவருக்குத்தான் தண்டனை. சாம்பல் கிடந்த வாசலுக்கு அல்ல. நேரில் கண்ட சாட்சியோ நிழற்படமோ இல்லாமல் அபராதம் எழுதக் கூடாது.

5. கட்ட இயலாதவர் விரும்பினால், அபராதத்துக்குப் பதிலாகக் கடைத்தெருவையோ கடற்கரையையோ சுத்தம் செய்யும் வேலையை ஏற்கலாம் என்று விதி வேண்டும்.

6. ரசீது இல்லாத அபராதம் செல்லாது. மேல்முறையீட்டைக் கேட்க மாவட்டத்துக்குள்ளேயே கோட்டாட்சியர் நிலையில் ஓர் அதிகாரி வேண்டும். 500 ரூபாய் வழக்குக்காக இராமேசுவரத்துக் கடைக்காரர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போவது எந்த ஊர் நியாயம்?

7. உள்ளாட்சிக்கும் கணக்கு வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து குப்பை வண்டி வராத தெருவில் சாதாரணக் குப்பைக்கு அபராதம் இல்லை என்று விதிக்க வேண்டும். கிடங்கில் தீப்பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் காரணத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். கவனக்குறைவு உறுதியானால் வரிப்பணத்திலிருந்து அல்லாமல், பொறுப்பாளரிடமிருந்து வசூலிக்க வேண்டும்.

8. வசூலாகும் பணம் அந்தந்தக் கடைத்தெருவுக்கே திரும்ப வேண்டும். அட்டையும் பிளாஸ்டிக்கும் பிரித்துக் கட்டி வைக்க ஒரு கொட்டகை போட்டால், பாதித் தீ தானாக அணைந்துவிடும்.

9. உறை போட்டு அனுப்பும் கம்பெனிகளும் வர வேண்டும். பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் நெறிமுறை வகுத்தது. சரக்கு இறக்க வரும் கம்பெனி வண்டி வெறுமனே திரும்பாமல் பழைய உறையையும் ஏற்றிப் போனால், நம் வாசலில் எரிக்க என்ன மிஞ்சும்?

நாம் செய்ய வேண்டியது

கேட்பது மட்டும் நம் வேலையல்ல. மூன்று காரியங்களை நாளையே தொடங்கலாம்.

முதலாவது, அட்டையை எரிக்காமல் விற்பது. பழைய பேப்பர் கடைக்காரர் அட்டைக்குக் கிலோவுக்குச் சில ரூபாயாவது தருகிறார். பத்துக் கடைகள் சேர்ந்து வாரம் ஒரு நாள் ஒரே இடத்தில் கட்டி வைத்தால் வண்டியோடு வந்து எடுத்துப் போவார். அந்தக் காசு கடைப் பையன்களுக்குப் போகட்டும். பிறகு அவர்களே தீக்குச்சி எடுக்க விடமாட்டார்கள்.

இரண்டாவது, போகிப் பண்டிகை. பழையன கழிய வேண்டியதுதான். ஆனால் பழைய டயரும் பிளாஸ்டிக் பாயும் நம் பண்டிகையில் எந்தக் காலத்தில் இருந்தன? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. கடைத்தெருவில் டயர் எரிவதைத் தடுக்கும் பொறுப்பை நம் சங்கமே ஏற்கலாம்.

மூன்றாவது சற்றுக் கசப்பானது. பிளாஸ்டிக்கையோ டயரையோ எரித்துப் பிடிபட்ட உறுப்பினருக்காகச் சங்க நிர்வாகிகள் எந்த அலுவலகத்துக்கும் சென்று பரிந்து பேசுவதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சரியாக நடந்தவருக்கு அநியாய அபராதம் என்றால் கடைசிவரை உடன் நிற்போம். தவறியவர் கட்டிவிட்டு வரட்டும். இந்த ஒழுங்கு நம்மிடம் இருந்தால்தான் மேலே எழுதிய ஒன்பது கோரிக்கைகளுக்கும் அரசு அலுவலகத்தில் மதிப்பு இருக்கும். இல்லாவிட்டால், எரிப்பதற்கு வசதி கேட்டு வந்த கூட்டம் என்றே நினைப்பார்கள்.

“நம் ஆளுக்காக நாமே பேசாவிட்டால் சங்கம் எதற்கு?” என்று சிலர் கோபிக்கலாம். கள்ளத் தராசு வைத்தவருக்காக நாம் பரிந்து பேசுவதுண்டா? கலப்படக்காரருக்காகப் பேசுவதுண்டா? பக்கத்துக் கடைப் பிள்ளையின் மூச்சில் நஞ்சு கலப்பதும் அந்த வரிசையில் சேர்ந்ததே.

1860-ல் எழுதிய 500 ரூபாய் காலத்தால் செல்லாக்காசானது. இன்று எழுதும் 15 லட்சம், யார் மீதும் பாயாததால் செல்லாக்காசாக இருக்கிறது. வியாபாரத்தில் நமக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு தடவை வரும் பெரிய வரவைவிட, நாள்தோறும் தவறாமல் வரும் சிறு வரவுதான் கடையை நிறுத்தும். தண்டனைக்கும் அதுவே கணக்கு.

நான் கூரையைக் கொளுத்திய அந்த டீக்கடை இன்று ஓட்டுக் கட்டடமாகிவிட்டது. அன்று உள்ளே தூங்கிய பிள்ளை இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். காலையில் அவனிடம் டீ வாங்கிக் குடிக்கும் போதெல்லாம் ஒரு கணம் நினைத்துக்கொள்வேன்: அதற்கு முந்தைய ஆண்டு யாராவது ஒருவர் எனக்கு ஓர் எச்சரிக்கைச் சீட்டோ ஐம்பது ரூபாய் அபராதமோ எழுதிக் கொடுத்திருந்தால், அந்த மாலை நடந்திருக்காது.

வரும் பொதுக்குழுவில் இது பற்றிப் பேசி ஒரு முடிவு காண்போம்.